சிவப்புப் பையில் கட்டிய இலை

உலகத்தின் கைவைத்தியம் முழுவதையும் தொட்டுப் பார்த்த மனிதர் ஒருவர் இருக்கிறார். அதில் ஒரு துளிகூட அவர் வாய்க்குள் போனதில்லை. விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்கும் வெளியே போகும் கதவுக்கும் நடுவே ஒரு எஃகு மேசை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் அவர் நிற்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் வைத்திருக்கும் இலை, வேர், பட்டை, விதை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, அவற்றோடு பூச்சியோ பூஞ்சையோ நாட்டுக்குள் நுழைந்துவிடாமல் தடுப்பது வேலை. தடுப்பது என்றால், வாங்கி ஒரு சிவப்புப் பையில் போட்டு முடிச்சுப் போடுவது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பச்சிலை. முகத்துக்கு நேரே என்றால் பச்சிலை சார். பயணிகள் வைக்கிற பெயர்கள் பலதரப்பட்டவை. அவற்றை அச்சில் ஏற்ற வேண்டாம்.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். மதிப்பெண் இடம் கொடுக்கவில்லை; தாவரவியல் கொடுத்தது. "டாக்டராகி நாலு பேருக்கு மருந்து குடுப்பேன்னு சொன்னவன், இப்ப நாலு பேரு மருந்தைப் பிடுங்கிக்கிட்டு நிக்கிறான்" என்று அவருடைய அப்பா கடைசிவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். சொன்னதில் தவறில்லை, ஆனால் நாலு பேர் என்பது குறைவு. இடையில் கல்யாணம் ஒன்றும் நடந்தது. அந்த அம்மாள் இப்போது வேறொருவரின் மனைவி. சௌக்கியம் என்று கேள்வி. பிரிவதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. சேர்ந்திருப்பதற்கும் இருக்கவில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

மேசையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என்ன செடி? எங்கிருந்து வருகிறது? மண் ஒட்டியிருக்கிறதா? நான்காவதாக ஒன்றைப் பச்சிலை தாமே சேர்த்துக்கொண்டார்: யாருக்கு? ஆரம்பத்தில் அது ஒரு தொழில் தந்திரம். விற்பதற்காகக் கடத்தி வருகிறவன் இந்தக் கேள்வியில் ஒரு நொடி தயங்குவான். உண்மையாகவே யாருக்கோ கொண்டுவருகிறவர் தயங்கவே மாட்டார். மருமகளுக்கு, மாமாவுக்கு, முட்டிவலி வந்த சிநேகிதிக்கு என்று கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். பிறகு தந்திரம் பழக்கமானது. பழக்கம் எப்போது ருசியானது என்று அவருக்கே தெரியாது.

எக்ஸ்ரே பெட்டியைக் கவனிக்கும் அம்மாள் முதலில் பார்த்துச் சொல்வார். இலை, வேர், உணவு போன்றவை அந்தத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். "பச்சிலை சார், உங்க சொந்தக்காரங்க வர்றாங்க" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் அப்படி வந்தவன் ஆறடி உயரம், கழுத்தே தொடைபோல இருந்தது. பெட்டியில் இருந்த ஷூவுக்குள் காகிதம் சுற்றிய கொய்யா இலை.

"இது என்ன?"

"இலை சார்."

"இலைன்னு எனக்கும் தெரியுது. ஷூவுக்குள்ள எதுக்கு?"

"அம்மா வச்சிருக்காங்க போல. நான் பாக்கல சார், சத்தியமா."

"யாருக்கு?"

அந்தப் பெரிய உடம்பு முழுக்கச் சிவந்தது. "எனக்குத்தான் சார். வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. வயித்தால போகும்."

பச்சிலை இலையைப் பையில் போட்டு முடிச்சிட்டார். "நன்றி, நீங்க போகலாம்" என்றார். அது எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம். கத்துகிறவர்களுக்கும் அழுகிறவர்களுக்கும் அதே குரலில் அதே வாக்கியம்.

வயிற்றுப்போக்குக்குக் கொய்யா இலை என்று ஒரு தேசம் சொன்னால் பரவாயில்லை. ஒன்றையொன்று பார்த்திராத, பெரிய கடல்களுக்கு அப்பால் இருக்கிற தேசங்கள் எல்லாம் அதையே சொல்கின்றன. அதே சமயம், ஒரே செடியைப் பற்றி இரண்டு தேசம் ஒத்துப்போகாததையும் அவர் பார்த்திருக்கிறார். சாம்பல்பச்சை நிறத்தில் வாசனையடிக்கும் மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்று. ஓர் ஊர்க்காரர்கள் அதை உலர்த்தித் திரியாக்கி, வலிக்கிற இடத்துக்குமேல் கொளுத்துகிறார்கள். இன்னோர் ஊரில் நல்ல கனவு வர அதைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார்கள். மூன்றாவது ஊர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கால் சோராமலிருக்க அதைக் காலுறைக்குள் வைத்தே மேசைவரை நடந்து வந்தார். ஒருநாள் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தி பையில் வெந்தயம்: பிள்ளை பெற்ற தங்கைக்குப் பால் ஊற. இன்னொருத்தி பையில் சேஜ் என்கிற சொரசொரப்பான இலை: பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப்போகிற அக்காவுக்குப் பால் வற்ற. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்களாம், எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் நம்பினாரா என்றால், இல்லை. நம்பவில்லையா என்றால், அதுவும் இல்லை. வேலைசெய்யுமா என்பது அவர் கேள்விகளில் ஒன்றல்ல. யாரோ ஒருவருக்குச் சளி என்று கேட்டு, இன்னொருவர் கண்டம் தாண்டி நாலு இலையைச் சுமந்துவருகிறார் என்பது மட்டும் அவருக்கு ஐயமில்லாமல் தெரிந்த விஷயம். ஏனென்றால் அந்த நாலு இலையைப் பிடுங்குகிறவர் அவர்தான்.

நாள் முடிவில் சிவப்புப் பைகளை எல்லாம் நீராவிப் பெட்டியில் வைத்து அவிப்பார்கள். மூடியைத் திறக்கும்போது ஒரு மணம் வரும். இஞ்சி, மரப்பட்டை, தைல இலை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பெயர் தெரியாத வேர்கள் எல்லாம் சேர்ந்து வெந்த மணம். உலகத்து வீடுகளின் கஷாயம் எல்லாம் ஒரே பாத்திரத்தில். குடிக்க ஆளில்லாமல் அது குப்பைக்குப் போகும். பச்சிலை தினமும் மூடி திறக்கும்வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவார். வீட்டில் அவசரமாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

வீடு இரண்டாவது மாடியில். வீடு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாடகை வாங்க ஆசைப்பட்ட உரிமையாளர், கூடத்தின் நடுவில் ஒரு பலகைச் சுவரை நிறுத்தி இரண்டாக்கிவிட்டார். ஜன்னல் இந்தப் பாதிக்கு வந்தது, பால்கனி அந்தப் பாதிக்குப் போனது. பச்சிலை வாசலிலேயே செருப்பைத் தட்டி, பேண்டின் மடிப்பைப் பிரித்து உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். வேலையிடத்துப் பூச்சிமுட்டையோ விதையோ கூட வந்துவிடக்கூடாது. செடி வளர்ப்பதில்லை. குளிர்சாதனப்பெட்டியில் ஒரு கட்டுக் கீரை இருந்தால் அது கழுவப்பட்டு, மறுபடி கழுவப்பட்டு, மனமுடைந்து கிடக்கும். அச்சுப்பிழை என்று அலுவலகம் தள்ளிவிட்ட சிவப்புப் பைகள் ஒரு கட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. வீட்டுக் குப்பைக்கு அவைதான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரம்மாள். ஜிப் மாற்றுவது, பேண்ட் குட்டையாக்குவது, இடுப்புப் பெருத்தவர்களின் சட்டையைப் பிரித்துவிடுவது. அவரும் தனியாள்தான். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம். அதற்குமேல் பல வருடங்களில் ஒரு சொல் கூடவில்லை. ஆனால் பலகைச் சுவர் எல்லாவற்றையும் கடத்தும். மெஷின் எப்போது ஓடுகிறது, எப்போது ஊசி ஒடிகிறது, எப்போது அந்த அம்மாள் தனக்குத்தானே திட்டிக்கொள்கிறார் என்பது பச்சிலைக்குத் தெரியும்.

குளிர் தொடங்கிய சமயத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போகவில்லை. வறட்டு இருமல். விமான நிலைய மருத்துவர் ஒரு சிரப் கொடுத்தார். சிரப் தீர்ந்தது. மேசையில் அவர் இருமும்போது பயணிகள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"என்ன சார் இது," என்றார் எக்ஸ்ரே அம்மாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்த கதையால்ல இருக்கு. இத்தனை மருந்தும் உங்க கை வழியாத்தானே போகுது, ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கக்கூடாதா?"

"அது வேற ஒருத்தருக்குக் கொண்டு வந்ததும்மா."

"அவங்களுக்கும்தான் போய்ச் சேரலையே!"

பச்சிலை அடுத்த பெட்டியைத் திறந்தார். வேறொருவருக்கு என்று அவர் சொன்னது உண்மைதான். யாருக்கு என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பதைக் கேட்டே பழகியவர். இத்தனை மூட்டையில் ஒன்றுகூட அவர் பெயருக்கு வந்ததில்லை. அப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கக்கேடான ஆசை, வயதும் ஆகிவிட்டது. நமக்குச் சொல்லலாம்: அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

வீட்டில் இருமும்போது அவர் இன்னொன்றையும் கவனித்தார். இருமல் தொடங்கினால் அந்தப் பக்கம் மெஷின் நிற்கும். இருமல் அடங்கினால் ஓடும். முதலில் தற்செயல் என்று நினைத்தார். பிறகு சோதித்துப் பார்க்கவில்லை, தற்செயலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

ஒரு விடுமுறைநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் தையல்காரம்மாள், தோளில் அளவு நாடாவோடு. கையில் ஈரமான துணித்துண்டில் சுற்றிய ஏதோ.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சுவத்துக்கு அந்தப்பக்கம் நான்தான்."

"தெரியும்."

"நீங்க இருமுனா எனக்குத் தையல் கோணுது. நேத்து ஒருத்தர் பேண்ட்ல ஒரு கால் ஆத்துப்பக்கம் போகுது, ஒரு கால் ரோட்டுப்பக்கம் போகுது." சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்தார். தடித்த, மெல்லிய ரோமம் படர்ந்த, ஓரம் பல்பல்லாக வெட்டிய இலைகள். "பால்கனியில பெயிண்ட் டப்பாவுல வச்சிருக்கேன்."

கற்பூரவல்லி. பச்சிலைக்குப் பார்க்காமலே தெரியும். வாசனை கதவைத் தாண்டிவிட்டது. மேசையில் அவருக்கு மிகவும் பிடித்த இலையும் அதுதான், ஒரு வேடிக்கையான காரணத்துக்காக. இருமலுக்கு அதைக் கொண்டுவராத தீவு கிடையாது. ஆனால் ஒருவரும் அதைத் தங்கள் ஊர் இலை என்று சொல்வதில்லை. ஒருவர் அதை இன்னொரு நாட்டின் ஓமம் என்பார். அந்த நாட்டுக்காரர் மூன்றாவது நாட்டின் புதினா என்பார். மூன்றாமவர் அது கப்பலில் வந்தது என்று நான்காமவரைக் கைகாட்டுவார். எல்லோர் வீட்டிலும் இருக்கிற, எந்த ஊரும் உரிமை கொண்டாடாத செடி.

அப்படிப்பட்ட இலை அவர் வாசலுக்கு வந்து நிற்கிறது. அப்போது அவர் செய்தது இதுதான். கை தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. ஒரு சிவப்புப் பை வந்தது. அதன் வாயை அகலப் பிடித்து, "இதுல போடுங்க" என்றார்.

வைத்துக்கொள்ளத்தான் என்று அந்த அம்மாள் நினைத்தார். போட்டார். எப்படிச் செய்து குடிக்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கினார். அது பச்சிலையின் காதில் விழவில்லை. பையை வெளிச்சத்துக்குத் தூக்கி, இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு இருக்கா?"

"இல்ல சார், நல்லா அலசிட்டேன்..."

"யாருக்கு?"

அந்த அம்மாள் விழித்தார். "என்ன சார் கேக்கறீங்க? உங்களுக்குத்தான், வேற யாருக்கு?"

பதில் உடனே வந்தது. ஒரு நொடித் தயக்கம்கூட இல்லை. ஆனால் அதற்குள் கைகள் பையை முறுக்கி, மடித்து, முடிச்சை இறுக்கி, பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டன. வாய் தன் பங்கைச் செய்தது.

"நன்றி, நீங்க போகலாம்."

தையல்காரம்மாள் தொட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வெறும் துணித்துண்டை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கத்துக் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

பச்சிலை கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தார். பிறகுதான் என்ன பதில் வந்தது என்பது உறைத்தது. தொட்டிக்குள் கைவிட்டுப் பையை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை. அவிழாமல் போடுவதற்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கத்தரியால் வெட்டினார். இலைகள் கசங்கியிருந்தாலும் உயிரோடு இருந்தன. சரி, குடித்துவிடலாம், குடித்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனவர் அங்கே நின்றுவிட்டார். எப்படிக் குடிப்பது? தணலில் வாட்டிச் சாறு பிழிந்து தேன் விடுகிறவர்கள் உண்டு. கற்கண்டோடு ஆவியில் வேகவைக்கிறவர்கள் உண்டு. கொதிக்கவைத்து உப்புப் போடுகிறவர்கள், அரைத்து நெஞ்சில் பற்றுப் போடுகிறவர்கள், துணியைப் போர்த்தி ஆவி பிடிக்கிறவர்கள். எல்லோருடைய முறையும் அவருக்குத் தெரியும். அந்த அம்மாளுடைய முறை மட்டும் தெரியாது. வேறு எந்த முறையில் குடித்தாலும் அது அவர் கொடுத்த மருந்தாகாது என்று தோன்றியது. இலைகளை ஒரு தட்டில் பரப்பிவைத்தார். மறுநாள் அவை கறுத்துச் சுருண்டன.

வேலையிடத்தில் எக்ஸ்ரே அம்மாளிடம் சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுஷா! போய் மன்னிப்புக் கேளுங்க சார்."

"என்னன்னு சொல்றது?"

"கை தவறிடுச்சுன்னு."

"கை தவறலம்மா. கை சரியாத்தான் செஞ்சது. அதான் சங்கடம்."

"அப்ப எருமைமாடு மாதிரி இருந்துட்டேன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

"எருமைமாட்டுக்கும் இலை குடுத்தா தின்னும்."

எக்ஸ்ரே அம்மாள் சிரித்தார். பச்சிலை சிரிக்கவில்லை, ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது, திரை முழுக்க ஆரஞ்சு.

அந்த வாரத்தில் அவர் இருமினார். மெஷின் நிற்கவில்லை. பலமாக இருமினார், தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார், விழித்துக்கொண்டும் தூக்கத்திலும் இருமினார். மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது. அது முன்பு நின்றது தற்செயல் அல்ல என்று இப்போதுதான் உறுதியானது. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது அந்த அம்மாள், "வணக்கம் சார்" என்றார், எப்போதும்போல, ஒரு எழுத்துக் குறையாமல். பச்சிலையும் வணக்கம் சொன்னார். சொல்வதற்கு வைத்திருந்த எருமைமாடு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பிறகு நடந்தது இன்னும் மோசம்: இருமல் போய்விட்டது. மருந்தில்லாமல், மந்திரமில்லாமல், வந்ததுபோலவே தானாக. எந்த நோயாளியும் இவ்வளவு வருத்தத்தோடு குணமாகியிருக்க மாட்டான். இருமல் இருந்தவரை அந்தக் கதவைத் தட்ட ஒரு முகாந்திரம் இருந்தது. இப்போது ஆரோக்கியமான ஆள், எந்தக் காரணமும் இல்லாமல், அடுத்த வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது?

ஒரு மாலை. வேலையிலிருந்து வந்து, பேண்ட் மடிப்பை உதறி, உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்குப் போடவில்லை. சுவரைப் பார்த்து இருமினார்.

மெஷின் ஓடியது.

இன்னொரு தரம் இருமினார். கொஞ்சம் நீட்டி, கடைசியில் ஒரு கமறலும் சேர்த்து. இத்தனை நாள் அனுபவம் இருந்தும் சரியாக வரவில்லை.

மெஷின் நின்றது. சுவர் பேசியது.

"அது பொய் இருமல், சார்."

ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடப் பச்சிலை ஒரு கணம் நினைத்தார், சொந்த வீட்டில். பிறகு, "ஆமா" என்றார்.

"எதுக்கு இந்த வேலை?"

"நெஜ இருமல் போயிடுச்சு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

அந்தப் பக்கம் நூல் கடிக்கும் சத்தம் கேட்டது. பேச்சு முடிந்துவிட்டதோ என்று பயந்து அவர் அவசரமாகச் சொன்னார்: "அன்னிக்கு அந்த இலைய எப்படிக் குடிக்கணும்னு சொன்னீங்க. நான் கவனிக்கல."

"எங்க கவனிக்கறது? நீங்கதான் மூட்டை கட்டிக்கிட்டு இருந்தீங்களே."

"என் வேலைங்க அது. தினமும் அதான். வெளியூர்லேர்ந்து வர்றவங்ககிட்ட... கை பழகிடுச்சு. எருமைமாடு மாதிரி நின்னுட்டேன்."

"எருமை முடிச்சுப் போடாது சார்." கத்தரியை மேசையில் வைக்கும் சத்தம். "நல்ல முடிச்சு. என் தையல்கூட அவ்வளவு கெட்டியா நிக்காது."

அது கோபமா கேலியா என்று சுவர் வழியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரே திரை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் செடி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. டப்பாவைத் தாண்டிக் காடாக் கெடக்கு." நாற்காலி நகரும் சத்தம். குரல் சுவருக்குப் பக்கத்தில் வந்தது. "யாருக்கு?"

எத்தனையோ ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி. உண்மை சொல்கிறவர் தயங்க மாட்டார் என்பது அவர் கண்ட விதி. அவர் தயங்கினார். அவருடைய விதிப்படி அவர்தான் கடத்தல்காரர். மருமகளுக்கு, மாமாவுக்கு, சிநேகிதிக்கு என்று சொல்லக் கேட்ட வாய்கள் எல்லாம் எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்லின என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எனக்குத்தான்" என்றார்.

"இருமல் போயிடுச்சுன்னீங்க?"

"போயிடுச்சு. இருந்தாலும் எனக்குத்தான்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒருத்தருக்கு ஜிப் மாத்திக் குடுக்கணும், வாசல்ல நிக்கிறாரு," என்றது குரல். "அவர் போனப்புறம் பறிக்கிறேன். அலச மாட்டேன். மண்ணு இருக்கும், பரவால்லையா?"

பச்சிலை தலையாட்டினார். சுவருக்குத் தலையாட்டல் கேட்காது என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அங்கே மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. எழுந்துபோய், கதவுக்குப் பின்னால் தொங்கிய சிவப்புப் பைக் கட்டை ஆணியிலிருந்து கழற்றி, கைக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் போட்டார். அப்புறம் கதவைத் திறந்துவைத்துவிட்டு, மெஷின் நிற்பதற்காகக் காத்திருந்தார்.